பாப்பாயி என்ன முறை

வருமான வரி ஆபீசர் ஒருவர் மாடியை விட்டு இறங்கி வந்து, மரத்தடியில் நின்று விசாரணை நடத்தினார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. எழுபத்தேழில் காவிரியில் பெருவெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம், சேலத்தில் என் கண் முன்னால் நடந்தது. அவரை இறங்கி வரவைத்தவள் பாப்பாயி.

பாப்பாயி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆபீசரும் அதைத்தான் கேட்டார்.

மோகனூருக்கு மேற்கே ஆற்றோரத்தில் முழுக்கக் கரும்பு விளைகிற ஊர் ஒன்று. அங்கே சின்னுசாமி, நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் சின்னுசாமிக்கு ஒரே மகன், சின்னண்ணன். என் தங்கை சாலம்மாளைக் கட்டியவர், ஆகவே எனக்கு மாப்பிள்ளை. தம்பி நாச்சிமுத்துவுக்கு ஒரே மகள். அவள்தான் பாப்பாயி. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்து ஒரே கிணற்றில் இறைத்துப் பண்ணையம் பார்த்தவர்கள். பங்கு பிரிக்க வேண்டும் என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை.

பாப்பாயிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இரண்டு காலையும் கூடவே கொண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே சூம்பிப்போன கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்வாள். அதற்குப் பிறகு கரும்பு வண்டி வாய்க்கால் மேட்டில் சாய்ந்து நாச்சிமுத்து போனார். அவர் பெண்டாட்டி பொன்னாத்தாள் மஞ்சள் காமாலையில் போனாள். பாப்பாயி அந்த வீட்டிலேயே வளர்ந்தாள். பெரியப்பன் வீட்டில் வளர்ந்தாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது அவள் வீடு. சின்னண்ணன் அவளை முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். ஐந்தாவது வரைக்கும் படித்தாள். அதற்கு மேல் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

கால் வராத குறையை வாய் தீர்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்ட வந்த ஆள்களும், வெல்லம் வாங்க வந்த வியாபாரிகளும் அவள் பேச்சைக் கேட்பதற்காகவே வாசலில் ஒரு நாழிகை நின்று போவார்கள்.

என் தங்கை கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் தங்கையை நிறுத்துவார்கள். புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் தோளில். உனக்குக் கல்யாணம் ஆனாலும் நம் இரண்டு பேருக்கும் உள்ள பிணைப்பு அறாது என்பதற்கு அதுதான் அடையாளம். தங்கை இல்லாமல் இணைச்சீர் இல்லை. சின்னண்ணனுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. எழுந்து நிற்கக்கூடிய வேறு பெண்ணாகப் பங்காளி வீட்டிலிருந்து கூட்டி வரலாம் என்று சிலர் சொன்னார்கள். சின்னண்ணன் கேட்கவில்லை. பாப்பாயிக்குப் பட்டுப்புடவை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சீர் செய்து வைக்கிற பெரியவர், இது நின்றுகொண்டு செய்கிற சீராயிற்றே என்று இழுத்தார். அப்படியென்றால் நானும் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சின்னண்ணன் அவள் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்களாகிய நாங்கள் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு சின்னுசாமியும் காலமாகி, வீட்டுப் பொறுப்பு கைக்கு வந்ததும், நிலத்தை அடமானம் வைத்து சின்னண்ணன் ஒரு லாரி வாங்கினார். நாமக்கல்லில் பாதிப் பேர் அந்த வருஷங்களில் அப்படித்தான் லாரிக்காரர்கள் ஆனார்கள். ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றி வடக்கே போய்வரும் வண்டி அது. நன்றாக ஓடியது. ஓடிய பணத்தில் அவர் முதலில் செய்தது, பாப்பாயியை வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. மாதக்கணக்கில் அங்கே கிடந்தாள். மாற்றி மாற்றி ஆபரேஷன். என் தங்கை கூட இருந்து பார்த்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு காலுக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்து, பூட்ஸோடு சேர்த்து ஒன்று செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கட்டை ஊன்றினால் சமதரையில் நடக்கலாம். படி மட்டும் ஏற முடியாது. ஊருக்குத் திரும்பிய அன்று வாசலிலிருந்து கிணற்று மேடு வரைக்கும் நடந்து காட்டினாள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் இதற்குள் தண்ணீர் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதைத்தானே நம்பிக்கொண்டிருந்தேன் என்றாள்.

இனிமேல்தான் வரி வருகிறது. லாரி வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டுமே. நாமக்கல்லில் ராசப்பன் என்று ஒருவர் லாரிக்காரர்களுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுப்பார். அவர்தான், கை கால் ஊனமானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வைத்தியச் செலவுக்காக வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கிறார்கள், உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கேட்கலாமே என்றார். யார் யாருக்குக் கேட்கலாம் என்று சின்னண்ணன் கேட்டதற்கு, பெற்றவர்கள், பெற்ற பிள்ளைகள், கட்டியவள், கூடப்பிறந்தவர்கள் என்று சொன்னார்.

"என் கலியாணத்துல இணைச்சீர் செஞ்சவளே அவதானுங்க" என்றார் சின்னண்ணன்.

ராசப்பன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கூடப்பிறந்த தங்கை என்று எழுதினார். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைச் சேர்த்து வைத்தார். சின்னண்ணன் கையெழுத்துப் போட்டார். இதில் பொய் சொல்கிறோம் என்று அந்த இரண்டு பேருக்கும் மனசில்கூடப் படவில்லை. இணைச்சீர் செய்தவள் தங்கை இல்லை என்றால் வேறு யார்? எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

சேலத்திலிருந்து வரச்சொல்லி ஓலை வந்தது. நானும் மாப்பிள்ளையும் போனோம். ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயதுதான், மரியாதையாகப் பேசினார். டாக்டர் சர்டிபிகேட்டில் இந்தப் பெண்ணின் தகப்பனார் நாச்சிமுத்து என்று இருக்கிறது. உங்கள் தகப்பனார் சின்னுசாமி. தாயாரும் வேறு. பிறகு எப்படிக் கூடப்பிறந்த தங்கை என்று கேட்டார். சின்னண்ணன் இணைச்சீரைப் பற்றிச் சொன்னார். ஆபீசர் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, சித்தப்பா மகள் இந்தச் சட்டத்தில் வர மாட்டாள் என்றார். இல்லாத உறவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இதற்கு அபராதம் உண்டு, ஆனால் நீங்கள் தெரியாமல் செய்ததாகத் தெரிகிறது. அவர் எனக்குத் தங்கை இல்லை, தவறாக எழுதிவிட்டேன், கழிவு வேண்டாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், இத்தோடு விட்டுவிடுகிறேன் என்றார்.

நல்ல மனுஷன் சொன்ன நல்ல வழி. என்னைக் கேட்டால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். சின்னண்ணன் பேனாவைத் தொடவில்லை.

"அபராதம் எத்தனைன்னு சொல்லுங்க, கட்டிப் போடறேன். தங்கச்சி இல்லீன்னு கையெழுத்துப் போட்டுட்டு நா எந்த மூஞ்சியோட ஊட்டுக்குப் போறதுங்க?"

அபராதம் கட்டினாலும் உறவு மாறாதே என்றார் ஆபீசர். பிறகு இரண்டு வாரம் தவணை கொடுத்து, யோசித்து வாருங்கள், யாராவது விவரம் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பினார். பஸ் ராசிபுரம் தாண்டியதும் மாப்பிள்ளை, வீட்டில் சொல்ல வேண்டாம் மச்சான் என்றார்.

ஆனால் வழியில் நாமக்கல்லில் இறங்கி ராசப்பனிடம் விவரம் சொல்லியிருந்தோம், அவர் மூலமாக நாங்கள் போவதற்குள்ளேயே சேதி ஊருக்குப் போயிருந்தது. பாப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலிலிருந்த இரும்பைக் கழற்றித் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்திருந்தாள். சின்னண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார்.

"நா என்ன முறைன்னு இத்தன செலவு பண்ணுனீங்கண்ணா? சர்க்காரே இல்லீன்னு சொல்லிப்போட்டாங்களாமா. எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. நா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இரும்பை மாட்டவில்லை, பழையபடி தரையில் நகர்ந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவார்கள். நங்கை, நங்கை என்று நாளெல்லாம் என் தங்கையைச் சுற்றி வந்த வாய் மூடிப்போனது. சாலம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலூரில் அத்தனை ஆபரேஷன் செய்தபோதுகூட அவள் இப்படி இருந்ததில்லை, ஏதாவது செய்யுங்கள் என்றாள். அப்போதுதான் எனக்கு இது வரி விஷயம் இல்லை என்று உறைத்தது. அந்தப் பெண் தன் வீட்டில் தான் யார் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் கிடைக்காமல் அவள் இரும்பை மாட்ட மாட்டாள்.

ஆத்தூரில் சின்னண்ணன் மூட்டை ஏற்றும் ஜவ்வரிசி ஆலைக்காரர்தான் பரக்கத் அலியைச் சொன்னார். சேலம் கோட்டைப் பக்கம் வீடு. வீட்டின் முன்கட்டிலேயே ஆபீஸ். வரி வழக்குப் பார்ப்பவர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், நிறுத்தி நிதானமான பேச்சு. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது.

"கவுண்டரே, உங்க குலசாமி கோயில்ல பொங்கல் வைக்கிறப்போ, உங்க வீட்டுக்கு எத்தனை பானை?"

எங்கள் பக்கத்தில் குலசாமி கோயிலில் வருஷத்துக்கு ஒரு முறை மாசி மாதம் பங்காளிகள் எல்லாரும் கூடிப் பொங்கல் வைப்பார்கள். பங்கு பிரிந்த வீடு ஒவ்வொன்றும் தனிப்பானை வைக்க வேண்டும். பங்கு பிரியாத வீட்டுக்கு ஒரே பானை. பிரிந்தவன் ஒரே பானையில் வைத்தாலும் குற்றம், பிரியாதவன் இரண்டு பானை வைத்தாலும் குற்றம். சாமி முன்னால் யாரும் அதில் விளையாட மாட்டார்கள். ஒரே பானைதான் என்றார் சின்னண்ணன்.

பரக்கத் அலி சிரித்தார். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். இன்னும் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர் பெயரிலேயே கிடக்கிறது என்றார் இவர். லாரி எதை வைத்து வாங்கினது? அந்த நிலத்தை அடமானம் வைத்து. அப்படியென்றால், உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்ததே இல்லை, நீங்களும் அந்தப் பெண்ணும் இன்னும் பிரியாத ஒரே குடும்பம், லாரி சம்பாதிப்பது அந்தக் குடும்பத்தின் வருமானம் என்றார். நீங்கள் தனி ஆள் என்று கணக்குக் கொடுத்ததுதான் தப்பு. தனி ஆள் கேட்டால் கூடப்பிறந்த தங்கையாக இருக்க வேண்டும். குடும்பம் கேட்டால், குடும்பத்தில் ஒருத்தியாக இருந்தால் போதும்.

எனக்குச் சந்தேகம் வந்து, எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கு எப்படிப் பாய் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க மார்க்கத்துல இந்தக் கூட்டுக் குடும்பக் கணக்கே கிடையாது. அதனாலதான் ஒரு வரி விடாமப் படிச்சு வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதானேன்னு நீங்க படிக்கிறதில்லை."

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும் என்றார். லாரி குடும்பத்துச் சொத்து என்று சர்க்காரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அது என்னுடையது என்று நீங்கள் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் அப்பா பங்கு பாதி. அவருக்கு இவளை விட்டால் வாரிசு இல்லை. இன்றைக்கு மிச்சமாகிற வரியைப் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

சின்னண்ணன் யோசிக்கவே இல்லை.

"அடமானம் வெச்சது ரெண்டு பேரு நெலந்தானுங்க பாய். லாரி மட்டும் எப்படி எனக்குத் தனியா வந்துரும்? எழுதுங்க."

வீட்டில் கேட்கச் சொன்னாரே என்று நான்தான் ஊருக்கு வந்து சாலம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது இரண்டு குழந்தைகள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். வேலூரில் பாப்பாயியைப் பார்த்துக்கொண்டபோது பாதி பார்த்தேனா முழுசும் பார்த்தேனா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவ்வளவுதான் சம்மதம்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. கந்தவேல் என்று ஒரு பங்காளி, சின்னண்ணனுக்கு அண்ணன் முறை. தன் கூடப்பிறந்த தம்பியோடு வரப்புக்கு வரப்பு சண்டை போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டவர். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவர் சொன்னது எங்கள் காது வரைக்கும் வந்தது: மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வேண்டும் என்று மாட்டையே விற்று வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நடக்காத காலுக்குப் பாதி லாரியா? சாலம்மாள் அதைக் கேட்டுவிட்டு, கந்தவேலின் பெண்டாட்டி காளியாத்தாளைக் கிணற்றடியில் பார்த்தபோது மெதுவாகச் சொன்னாளாம்: எங்கள் வீட்டில் ஒரு பானை பொங்கினால் போதும் அக்கா, இரண்டு பானைக்கு விறகு சேர்க்கிற சிரமம் உங்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பேச்சு நடந்து முடிந்த பிறகுதான் பரக்கத் அலி சொல்லி அனுப்பினார். பங்கு பிரியவில்லை என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் ஆபீசர் ஒப்புக்கொள்ள மாட்டார், வீட்டுக்கு வெளியே ஒரு பங்காளி வந்து சொல்ல வேண்டும், இதில் லாபம் இல்லாத மூத்த ஆளாகக் கூட்டி வாருங்கள் என்று. ஊரில் இருந்த மூத்த பங்காளி கந்தவேல் ஒருவர்தான். சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னண்ணன் போய்க் கேட்டார். வருகிறேன் என்று கந்தவேல் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தவணை நாளன்று விடியலில் லாரி கிளம்பும்போது, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். ஏறிக்கொண்டார். என்ன சொல்லப் போகிறார் என்று சேலம் போகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. பாப்பாயியைத் தூக்கி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். இரும்புக் காலைத் துணிமூட்டையாக மடியில் வைத்திருந்தாள். மாட்டச் சொன்னதற்கு, பதில் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்றுவிட்டாள்.

ஆபீஸ் மாடியில். கீழே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் பாப்பாயியை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மேலே போனோம். பரக்கத் அலி குடும்பத்தின் பெயரில் புதுக் கணக்கை எடுத்து வைத்துப் பேசினார். ஆபீசர் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை நான் பார்க்க வேண்டும், மேலே வரச் சொல்லுங்கள் என்றார்.

"சார், அந்தம்மாவால படி ஏற முடியாதுங்கிறதுதான் எங்க கேஸே" என்றார் பரக்கத் அலி.

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். தூக்கிக்கொண்டு வரலாமே என்று ஒருவர் சொன்னார். சின்னண்ணன் முகம் கறுத்தது. ஆபீசர் எழுந்தார், சட்டையைச் சரி செய்துகொண்டார், படி இறங்கினார். பின்னாலேயே ஆபீசில் பாதிப் பேர் இறங்கினார்கள். டீக்கடையில் நின்றவர்களும் வந்தார்கள். பெஞ்சுக்கு எதிரே நின்று ஆபீசர் கேட்டார்.

"நீங்க இவருக்கு என்ன உறவும்மா?"

"அதைத்தானுங்க சாமி நானும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் பாப்பாயி. "தங்கச்சி இல்லீன்னு நீங்க சொல்லிட்டீங்களாமா. அப்ப என்ன முறைன்னும் நீங்களே சொல்லிப்போடுங்க. ஊர்ல கேட்டாச் சொல்லோணுமல்லங்க."

இரண்டு வாரமாக மூடிக்கிடந்த வாய் அது. எனக்கு அப்போதே பாதி ஜெயித்தது போல இருந்தது. ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. யார் உங்களுக்குச் சோறு போடுகிறார்கள், வேலூரில் யார் கட்டினார்கள், உங்களுக்கென்று தனி வருமானம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். உங்கள் அப்பாவும் இவர் அப்பாவும் பங்கு பிரித்துக்கொண்டார்களா என்று கேட்டார்.

"பிரிஞ்சவிய தனிப்பானை வெப்பாங்க சாமி. எங்க ஊட்டுக்கு ஒரே பானைங்க. போன மாசியிலயும் அந்தப் பானைக்கு நாந்தான் அரிசி போட்டேன். எங்களச் சொல்ல வெச்சுக் கேக்காதீங்க, அங்க நிக்கறாரே எங்க கந்தவேலண்ணன், அவரைக் கேளுங்க. அவருக்கு எங்களைக் கண்டா ஆகாது."

எல்லாரும் கந்தவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சின்னண்ணன் பொய்யர், பாப்பாயி அந்த வீட்டில் யாரும் இல்லை. டீக்கடைப் பேச்சும் அவருடையதே. சாலம்மாளின் விறகுப் பேச்சும் அவர் காதுக்குப் போயிருக்கும்.

"ஒரே பானைதானுங்க" என்றார் கந்தவேல். "நானும் எந்தம்பியும் ரெண்டு வெக்கறோம். இவிய எப்பவும் ஒண்ணுதான். பானை விசயத்துல நா பொய் சொன்னா அடுத்த மாசிக்குக் கோயில் வாசப்படி மிதிக்க முடியாதுங்க."

ஆபீசர் தலையாட்டினார். நிலக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாப்பாயியிடம், சட்டத்தில் நீங்கள் இவருக்குத் தங்கை என்று என்னால் எழுத முடியாது, ஆனால் இந்தக் குடும்பத்தில் இவர் எப்படியோ அப்படித்தான் நீங்களும், அதை எழுதலாம் என்றார். பரக்கத் அலி குனிந்து, நீங்கள் வேறு, குடும்பம் வேறு இல்லை என்று சொல்கிறார் என்று அவளுக்கு விளக்கினார்.

அவள் ஆபீசரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மடியிலிருந்த மூட்டையைப் பிரித்தாள். அத்தனை பேர் பார்க்க, இரும்பை ஒவ்வொரு காலாக மாட்டி, வாரை இறுக்கி, கட்டையை ஊன்றி எழுந்து நின்றாள். லாரி நின்ற இடம் வரைக்கும் நடந்தே போனாள். ஆபீசர் படியேறாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னண்ணனுக்கு அழுகை வந்தது. டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆர்டர் தபாலில் வந்தது. பழைய கணக்கில் தங்கை என்று எழுதியது அறியாமல் செய்தது, அபராதம் இல்லை. குடும்பத்தின் பெயரில் கொடுத்த கணக்கு சரி. குடும்பத்தில் ஒருவரான பாப்பாயிக்கு ஆன வைத்தியச் செலவுக்குச் சட்டப்படி உள்ள கழிவு உண்டு. பரக்கத் அலி இதைத் தமிழில் சொன்னபோது, கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார் மாப்பிள்ளை. ஊருக்கு வந்ததும் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டி விருந்து வைத்தார். வரியில் மிச்சமானது அந்தக் கிடாயின் ஒரு தொடைக்குக்கூடக் காணாது. கந்தவேலுக்குத்தான் முதல் இலை. பரக்கத் அலி தம் வீட்டு அம்மா ஷஹர்பானுவோடு வந்திருந்தார். பொங்கலை மட்டும் சாப்பிட்டுவிட்டு, பானையை ஒருமுறை எட்டிப் பார்த்து, இந்தச் சாட்சியைத்தான் நான் ஆபீசுக்குக் கொண்டு வர முடியாமல் போய்விட்டது என்றார்.

அதற்குப் பிறகு பாப்பாயி சும்மா இருக்கவில்லை. பாதி லாரி என்னுடையது என்றால் பாதி வேலையும் என்னுடையது என்று சொல்லி, நாமக்கல்லில் புக்கிங் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தாள். கீழ்த்தளம், ஒரு படி கிடையாது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் இல்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில் இரண்டாவது லாரி வாங்கினார்கள். பாடி கட்டி முடிந்து, நெற்றியில் என்ன பெயர் எழுத என்று பெயிண்டர் கேட்டார். சாமி பெயர்கள் நாலைந்து சொன்னார்கள். பாப்பாயி என்று எழுதச் சொன்னார் சின்னண்ணன். பெண்டாட்டி பெயர் உங்களுக்கு ஞாபகமே வராதா என்று சாலம்மாள் கேட்டாள். உன் பெயர் மூன்றாவது லாரிக்கு, அதனால் கஞ்சத்தனமாகக் குடும்பம் நடத்து என்றார்.

பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற அன்று, கேபினுக்கு ஏறுகிற படியில் பாப்பாயி கை வைத்தாள். அது உயரமான படி. தூக்கிவிட நாங்கள் நாலு பேர் போனோம். வேண்டாம் என்றாள். மேல்கம்பியைப் பிடித்து, உடம்பைக் கையாலேயே இழுத்து, ஒரு இரும்புக் காலை வைத்து, நின்று மூச்சு வாங்கி, மறு காலையும் வைத்து ஏறிவிட்டாள். சின்னண்ணன் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார், தொடவில்லை. உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டு கீழே பார்த்தாள். கந்தவேல் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓனரம்மா எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"சேலத்துக்குங்கண்ணா. மேல ஏறி வரச் சொன்னாரல்ல அந்த ஆபீசரு, ஏறியாச்சுன்னு சொல்லிட்டு வாரேன்."